பகுதி அழுத்தம்

பகுதி அழுத்தம் என்பது, ஒன்றோடொன்று வினைபுரியாத வாயுக்களின் கலவையில், ஒரு குறிப்பிட்ட வாயு மட்டும் அதே வெப்பநிலையில் அதே கலத்தைத் தனியாக நிரப்பியிருந்தால் ஏற்படுத்தக்கூடிய அழுத்தம் ஆகும். கலவையின் மொத்த அழுத்தம், அதிலுள்ள எல்லா வாயுக்களின் பகுதி அழுத்தங்களின் கூட்டுத்தொகைக்குச் சமம். இது டால்டனின் பகுதி அழுத்த விதி எனப்படுகிறது. இலங்கைப் பாடநூல்களில் பகுதி அழுத்தம் 'பகுதியமுக்கம்' என்றும், நல்லியல்பு வாயு 'இலட்சிய வாயு' என்றும் வழங்கப்படுகின்றன.

மேல்நிலை வகுப்பு வேதியியலில் இவ்விதி ஓர் எளிய கூட்டல் கணக்காகக் கடந்துபோய்விடுவது உண்டு. ஆனால் வாயுக்களைப் பற்றிப் பள்ளியில் கற்கும் விதிகளுள் உயிரோடு மிக நேரடியாகத் தொடர்புடையது இதுதான். சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு உள்ளது என்பதை மட்டும் வைத்து அக்காற்று உயிரைக் காக்குமா, பறிக்குமா என்று சொல்லிவிட முடியாது. அதன் பகுதி அழுத்தம் தெரிந்தாக வேண்டும்.

விதி பிறந்த கதை

ஜான் டால்டன் (1766–1844) அணுக்கொள்கைக்காகவே பெரிதும் அறியப்படுகிறார். ஆனால் அவர் வாயுக்களிடம் வந்து சேர்ந்தது வானிலை வழியாக. இங்கிலாந்தின் வடபகுதியில் ஆசிரியராக இருந்தபோது, 1787 இல் வானிலைக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கி, இறக்கும் வரை அதை எழுதிவந்தார். மழையும் பனியும் அதிகமுள்ள அப்பகுதியில் அவரை உறுத்திய கேள்வி இது: காற்றில் உள்ள நீராவி எந்த நிலையில் இருக்கிறது? உப்பு நீரில் கரைவதுபோல நீர் காற்றில் கரைந்திருக்கிறது என்பதே அக்காலத்தில் பலரும் ஏற்றுக்கொண்டிருந்த கருத்து.

டால்டன் பல்வேறு வெப்பநிலைகளில் நீரின் ஆவி அழுத்தத்தை அளந்தார். வெற்றிடத்தில் நீர் எவ்வளவு ஆவி அழுத்தத்தைத் தருகிறதோ, உலர்ந்த காற்று நிறைந்த கலத்திலும் அதே அளவு அழுத்தத்தையே கூடுதலாகத் தருகிறது என்று கண்டார். கரைசல் என்றால், கரைக்கும் பொருளின் அளவு கூடும்போது கரையும் அளவும் கூட வேண்டும். இங்கோ காற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீராவிக்கு ஒன்றுதான். 1801 இல் மான்செஸ்டர் இலக்கிய, தத்துவக் கழகத்தில் இம்முடிவுகளை அவர் படித்தார். அடுத்த ஆண்டு அவை அச்சில் வந்தன.

விதி சரியானது, ஆனால் அதற்கு டால்டன் சொன்ன காரணம் சரியல்ல என்பது சுவையான செய்தி. ஒரே வகைத் துகள்கள் மட்டுமே ஒன்றையொன்று விலக்குகின்றன, வேறு வகைத் துகள்களை அவை கண்டுகொள்வதில்லை என்று அவர் எண்ணினார். வாயு மூலக்கூறுகள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன, சுவரில் மோதுவதே அழுத்தம் என்ற படம் 19 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு கிளாசியசு, மாக்சுவெல் ஆகியோரின் உழைப்பால்தான் நிலைபெற்றது.

விதியின் ஒரு கிளை விளைவையும் இங்கே சொல்லிவிடலாம். ஈரக்காற்று கனமானது என்றே நமக்குத் தோன்றும். உண்மையில், ஒரே வெப்பநிலையிலும் ஒரே மொத்த அழுத்தத்திலும் ஈரக்காற்று உலர்காற்றைவிட இலேசானது. நீராவி தனக்குரிய பகுதி அழுத்தத்தை எடுத்துக்கொள்ளும்போது, நைட்ரஜனும் ஆக்சிஜனும் அந்த அளவுக்கு இடம்விட வேண்டியிருக்கிறது. நீரின் மூலக்கூறு நிறை 18. காற்றின் சராசரி மூலக்கூறு நிறை ஏறத்தாழ 29. கனமானவை வெளியேறி, இலேசானது உள்ளே வருகிறது.

அழுத்தங்கள் ஏன் கூடுகின்றன?

நல்லியல்பு வாயுச் சமன்பாட்டை எல்லா மாணவர்களும் அறிவர்: அழுத்தம் × கனஅளவு = மோல்களின் எண்ணிக்கை × வாயு மாறிலி × கெல்வின் வெப்பநிலை. இச்சமன்பாட்டில் எது இல்லை என்பதைக் கவனியுங்கள். வாயுவின் பெயர் எங்குமே இல்லை. ஒரு மோல் ஹைட்ரஜனும் ஒரு மோல் கார்பன் டைஆக்சைடும், ஒரே கலத்தில் ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தைத் தருகின்றன. மூலக்கூறுகள் யார் என்று சுவர் கேட்பதில்லை, எத்தனை என்றே கேட்கிறது.

கனமான மூலக்கூறு பலமாக மோதாதா என்ற ஐயம் எழுவது இயல்பு. ஒரே வெப்பநிலையில் எல்லா வாயு மூலக்கூறுகளின் சராசரி இயக்க ஆற்றலும் சமம். ஆகவே கனமானவை மெதுவாகவும் இலேசானவை வேகமாகவும் ஓடுகின்றன. 25 டிகிரி செல்சியசில் ஹைட்ரஜனின் சராசரி இருமடி மூல வேகம் நொடிக்கு ஏறத்தாழ 1,920 மீட்டர். ஆக்சிஜனுக்கு அது ஏறத்தாழ 480 மீட்டர். ஹைட்ரஜன் மெல்லத் தட்டுகிறது, ஆனால் அடிக்கடி தட்டுகிறது. ஆக்சிஜன் பலமாகத் தட்டுகிறது, ஆனால் அரிதாகத் தட்டுகிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிடுகின்றன.

இதற்கு மூலக்கூறுகளிடையே ஈர்ப்பு இல்லை, அவற்றின் சொந்தப் பருமன் புறக்கணிக்கத்தக்கது என்ற இரண்டு எடுகோள்கள் தேவை. சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் இவை நன்றாகவே பொருந்துகின்றன. காற்றில் மூலக்கூறுகளுக்கிடையேயான சராசரித் தொலைவு ஒரு மூலக்கூறின் விட்டத்தைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. திட்ட வெப்ப அழுத்த நிலையில் ஒரு மோல் நல்லியல்பு வாயுவின் கனஅளவு 22.41 லிட்டர், கார்பன் டைஆக்சைடுக்கு அளந்தறிந்தது 22.26 லிட்டர். வேறுபாடு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. நூற்றுக்கணக்கான மடங்கு அழுத்தத்தில் அடைத்த உருளைகளில் நிலைமை வேறு. அங்கே 1873 இல் வான் டெர் வால்சு தந்த திருத்தச் சமன்பாடு போன்றவை தேவைப்படும். அம்மோனியாவையும் ஹைட்ரஜன் குளோரைடையும் ஒரே கலத்தில் விட்டால் வெண்புகையாய்த் திண்மம் உருவாகும். அங்கே அழுத்தங்களைக் கூட்டிப் பார்ப்பதில் பொருளே இல்லை.

மோல் பின்னம்

ஒரு வாயுவின் மோல்களைக் கலவையின் மொத்த மோல்களால் வகுத்தால் கிடைப்பது அதன் மோல் பின்னம். மோல் பின்னத்தை மொத்த அழுத்தத்தால் பெருக்கினால் பகுதி அழுத்தம் கிடைக்கும்.

உலர்ந்த காற்றில் நைட்ரஜன் 78.08 விழுக்காடு, ஆக்சிஜன் 20.95 விழுக்காடு, ஆர்கான் 0.93 விழுக்காடு. கடல்மட்டத்தில் மொத்த அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம் எனில், நைட்ரஜனின் பங்கு ஏறத்தாழ 593 மி.மீ., ஆக்சிஜனின் பங்கு 159 மி.மீ., ஆர்கானின் பங்கு 7 மி.மீ. மீதிச் சிறு பங்கு கார்பன் டைஆக்சைடு முதலியவற்றுக்கு.

தேர்வுகளில் பெரும்பாலான பிழைகள் 'அதே கலம்' என்ற சொல்லை மறப்பதால் வருகின்றன. 2 லிட்டர் குடுவையில் 3 வளிமண்டல அழுத்தத்தில் நைட்ரஜனும், 3 லிட்டர் குடுவையில் 1 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜனும் உள்ளன. இடையிலுள்ள அடைப்பைத் திறந்தால் மொத்த அழுத்தம் என்ன? அவசரத்தில் 3 + 1 = 4 என்று எழுதிவிடுவார்கள். ஆனால் திறந்த பிறகு ஒவ்வொரு வாயுவும் 5 லிட்டர் முழுவதிலும் பரவுகிறது. முதலில் பாயில் விதி: நைட்ரஜனுக்கு 3 × 2 ÷ 5 = 1.2; ஆக்சிஜனுக்கு 1 × 3 ÷ 5 = 0.6. பிறகுதான் டால்டன்: மொத்தம் 1.8 வளிமண்டல அழுத்தம்.

வேதிச் சமநிலைப் பாடத்தில் வரும் ஒரு வினாவும் இதே கருத்தில்தான் தீர்கிறது. நைட்ரஜன், ஹைட்ரஜன், அம்மோனியா ஆகியவை சமநிலையில் உள்ள மூடிய கலத்தில், கனஅளவை மாற்றாமல் ஆர்கானைச் செலுத்தினால் மொத்த அழுத்தம் உயரும். ஆனால் சமநிலை நகராது. வினையில் பங்குபெறும் மூன்று வாயுக்களின் பகுதி அழுத்தங்களும் அப்படியே இருக்கின்றன. ஆர்கான் வெறும் பார்வையாளர்.

நீரின் மேல் வாயுவைச் சேகரித்தல்

ஆய்வகத்தில் மக்னீசியத்தை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இட்டு, வெளிவரும் ஹைட்ரஜனை நீரின் கீழ்முக இடப்பெயர்ச்சியால் சேகரிக்கும்போது, குடுவையில் ஹைட்ரஜன் மட்டும் இருப்பதில்லை. நீரைத் தொட்டுக்கொண்டிருப்பதால் அவ்வெப்பநிலைக்குரிய நிறைவுற்ற நீராவியும் கூடவே இருக்கிறது.

25 டிகிரி செல்சியசில் 250 மில்லிலிட்டர் வாயு சேர்ந்திருக்கிறது, உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டம் சமம், வளிமண்டல அழுத்தம் 755 மி.மீ. என்று கொள்வோம். அவ்வெப்பநிலையில் நீரின் ஆவி அழுத்தம் 23.8 மி.மீ. ஆகவே ஹைட்ரஜனின் பகுதி அழுத்தம் 755 − 23.8 = 731.2 மி.மீ. நல்லியல்பு வாயுச் சமன்பாட்டில் இட்டால் 0.00983 மோல் ஹைட்ரஜன் கிடைக்கிறது. அதாவது கரைந்த மக்னீசியம் ஏறத்தாழ 0.239 கிராம். நீராவியைக் கழிக்க மறந்தால் 0.247 கிராம் என்று வரும். மூன்று விழுக்காட்டுக்கும் சற்று அதிகமான பிழை. கோடையில் அறை வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால் ஆவி அழுத்தம் 42 மி.மீ. ஆகிவிடும், பிழை ஏறக்குறைய இரட்டிக்கும்.

நுரையீரல் செய்யும் கணக்கு

நம் மூச்சுக்குழாயும் ஒருவகையில் நீரின் மேல் வாயுவைச் சேகரிக்கும் குடுவைதான். உள்ளே இழுத்த காற்று நுரையீரலை அடைவதற்குள் உடல் வெப்பநிலைக்குச் சூடாகி, நீராவியால் நிறைவுறுகிறது. 37 டிகிரி செல்சியசில் நீரின் ஆவி அழுத்தம் 47 மி.மீ. எனவே கடல்மட்டத்தில் உள்ளிழுத்த ஈரக்காற்றில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் (760 − 47) × 0.2095, அதாவது ஏறத்தாழ 149 மி.மீ. நுரையீரலின் நுண்ணறைச் சுவர் வழியாக ஆக்சிஜன் இரத்தத்துக்குள் செல்வது பகுதி அழுத்த வேறுபாட்டால்தான். அங்கே விழுக்காட்டுக்கு வேலையில்லை.

மலை உச்சியில் ஆக்சிஜன் விழுக்காடு குறைவு என்று பலர் நம்புகின்றனர். எவரெசுட்டின் உச்சியிலும் அது அதே 20.95 விழுக்காடுதான். குறைவது மொத்த அழுத்தம். 1981 இல் அமெரிக்க மருத்துவ ஆய்வுக் குழு ஒன்று எவரெசுட் உச்சியில் காற்றழுத்தத்தை நேரடியாக அளந்து 253 மி.மீ. என்று கண்டது. நீராவி மட்டும் அங்கேயும் தன் 47 மி.மீ. பங்கைக் குறைத்துக்கொள்ளாது, அது உடல் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர, உயரத்தைப் பொறுத்தது அல்ல. ஆக, (253 − 47) × 0.2095 = 43 மி.மீ. கடல்மட்டத்தில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

உயரத்தில் உடல் தளர்வதற்குக் காரணம் குறைந்த மொத்த அழுத்தமா, ஆக்சிஜன் குறைவா என்பது 19 ஆம் நூற்றாண்டில் நீண்ட விவாதமாக இருந்தது. பிரெஞ்சு உடலியங்கியல் அறிஞர் பால் பேர் காற்றை வெளியேற்றக்கூடிய இரும்பு அறைகளை அமைத்து இதைச் சோதித்தார். அழுத்தத்தைக் குறைத்தபோது தோன்றிய மயக்கமும் தளர்ச்சியும், அழுத்தத்தைக் கூட்டாமலே, ஆக்சிஜனை மட்டும் சுவாசித்தபோது நீங்கின. ஆக்சிஜனின் பகுதி அழுத்தமே உடலுக்குப் பொருட்டு என்ற இம்முடிவு 1878 இல் அவர் வெளியிட்ட காற்றழுத்தம் பற்றிய பெருநூலில் விரிவாக இடம்பெற்றது.

அந்நூலுக்கு முன்பே அதன் உண்மை இரண்டு உயிர்களை விலையாகக் கேட்டுவிட்டது. 1875 ஏப்ரல் 15 அன்று ஸெனித் என்ற பலூனில் காஸ்தோன் திசாந்தியே, குரோசே-ஸ்பினெல்லி, சிவெல் ஆகிய மூவர் பாரிசிலிருந்து மேலெழுந்தனர். பின்னிருவரும் பேரின் அறையில் முன்பே சோதனைக்கு உட்பட்டவர்கள். ஆக்சிஜனின் அருமையை அறியாதவர்கள் அல்லர். ஆக்சிஜன் செறிந்த காற்றைப் பைகளில் உடன் கொண்டுசென்றனர். அந்த அளவு போதாது என்று பேர் எழுதிய கடிதம் காலத்தில் வந்து சேரவில்லை. இருப்பதைச் சிக்கனமாக, உண்மையிலேயே தேவைப்படும் நேரத்தில் மட்டும் பயன்படுத்துவது என்று முடிவு செய்தனர்.

தேவைப்பட்ட நேரம் வந்தபோது கையை உயர்த்திக் குழாயைப் பிடிக்கும் ஆற்றல் அவர்களிடம் இல்லை. ஆக்சிஜன் பற்றாக்குறையின் கொடுமை இதுதான்: மூச்சுத் திணறுவதுபோன்ற எச்சரிக்கை பெரிதாக இராது, மாறாக ஒருவித மகிழ்ச்சியும் அலட்சியமும் வரும். திசாந்தியே தம் நினைவுக் குறிப்பில் இவ்வுணர்வைப் பதிவு செய்திருக்கிறார். பலூன் ஏறத்தாழ 8,600 மீட்டர் உயரத்தைத் தொட்டுத் தானாகவே இறங்கியது. மற்ற இருவரும் இறந்துகிடந்தனர். திசாந்தியே பிழைத்தார், ஆனால் கேட்கும் திறனை இழந்தார்.

அந்த உயரத்தில் காற்றழுத்தம் சுமார் 260 மி.மீ. 70 விழுக்காடு ஆக்சிஜன் உள்ள கலவையை அங்கே ஒருவர் தொடர்ந்து சுவாசித்தால் என்ன ஆகும் என்று கணக்கிடலாம்: (260 − 47) × 0.70 = 149 மி.மீ. மேலே கடல்மட்டத்துக்குக் கிடைத்த அதே எண். கடற்கரையில் நிற்பவரின் நுரையீரலுக்குக் கிடைக்கும் ஆக்சிஜன் அங்கேயும் கிடைத்திருக்கும்.

கடலுக்கு அடியில்

நீர்மூழ்கிகளுக்கு இதன் மறுபக்கம் தெரியும். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஏறத்தாழ 1 வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 40 மீட்டர் ஆழத்தில் மொத்தம் 5. சாதாரணக் காற்றைச் சுவாசித்தாலும் அங்கே நைட்ரஜனின் பகுதி அழுத்தம் 3.9, மது அருந்தியதுபோன்ற மயக்கத்தைத் தர இது போதும். ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 1.6 வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டினால் நரம்பு மண்டலம் பாதிக்கப்பட்டு வலிப்பு வரக்கூடும். நீருக்கடியில் வலிப்பு என்றால் பெரும்பாலும் மரணம்தான். தூய ஆக்சிஜனைச் சுவாசிப்பவர் 6 மீட்டர் ஆழத்திலேயே அந்த எல்லையைத் தொட்டுவிடுவார்.

எனவே மிக ஆழத்துக்குச் செல்பவர்கள் ஆக்சிஜனைக் குறைத்து ஹீலியம் கலக்கின்றனர். 10 விழுக்காடு ஆக்சிஜன் மட்டுமே உள்ள கலவை 100 மீட்டர் ஆழத்தில், 11 மடங்கு அழுத்தத்தில், 1.1 வளிமண்டல அழுத்த அளவு ஆக்சிஜனைத் தருகிறது. அதே உருளையை மேற்பரப்பில் சுவாசித்தால் கிடைப்பது 0.1 மட்டுமே. ஆழத்தில் உயிர் காக்கும் கலவை படகின் மேல்தளத்தில் ஆளை மயக்கமுறச் செய்துவிடும். ஆகவேதான் ஆழத்துக்கேற்ப வெவ்வேறு உருளைகளைக் கொண்டுசென்று மாற்றிக்கொள்கிறார்கள்.

அப்பல்லோ 1

1967 சனவரி 27 அன்று அமெரிக்காவின் ஏவுதளத்தில் அப்பல்லோ 1 கலத்தின் ஒத்திகையின்போது தீப்பிடித்து கசு கிரிசம், எட் வைட், ரோசர் சாபி ஆகிய மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தனர். விண்ணில் பறக்கும்போது கலத்தினுள் தூய ஆக்சிஜனை ஏறத்தாழ 0.34 வளிமண்டல அழுத்தத்தில் வைப்பதே திட்டம். விழுக்காட்டில் பார்த்தால் அது 100. பகுதி அழுத்தத்தில் பார்த்தால் கடல்மட்டக் காற்றில் உள்ள 0.21 ஐவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. குறைந்த அழுத்தம் என்பதால் கலத்தின் சுவரையும் மெல்லியதாகச் செய்யலாம்.

ஒத்திகை நடந்ததோ தரையில். வெளிக்காற்று உள்ளே கசியாதிருக்க, தூய ஆக்சிஜனை வெளி அழுத்தத்தைவிடச் சற்று அதிகமாக, ஏறத்தாழ 1.14 வளிமண்டல அழுத்தத்தில் நிரப்பியிருந்தனர். இப்போதும் விழுக்காடு அதே 100 தான். ஆனால் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் சாதாரணக் காற்றில் இருப்பதைப்போல ஐந்து மடங்குக்கும் மேல். வெப்பத்தை உறிஞ்சித் தீயைத் தணிக்க நைட்ரஜனும் இல்லை. அச்சூழலில் நைலான் வலைகளும் ஒட்டுப்பட்டைகளும் நொடிகளில் பற்றி எரிந்தன.

அதன்பின் ஏவுதளத்தில் கலத்தை 60 விழுக்காடு ஆக்சிஜனும் 40 விழுக்காடு நைட்ரஜனும் கொண்டு நிரப்பினர். வீரர்களின் உடைக்குள் மட்டும் தூய ஆக்சிஜன் ஓடியது. ஏவூர்தி மேலேறும்போது கலத்தின் காற்று வெளியேறி, மொத்த அழுத்தம் 0.34 க்கு இறங்கும். அந்நிலையில் ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் 0.34 × 0.60 = 0.20. தரையில் நாம் சுவாசிக்கும் அளவுக்கு மிக அருகில். பின்னர் பயணத்தின்போது நைட்ரஜன் சிறிது சிறிதாக வெளியேற்றப்பட்டு, அதன் இடத்தை ஆக்சிஜன் நிரப்பியது.